ஒண்டிப்புலியின் கடைவாய்ப்பல்

மேற்கு மலையின் அடிவாரத்தில், ஆற்று வாய்க்கால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற தூரத்தில் இருக்கும் ஒத்தையடுப்பு என்கிற ஊரில், தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை சரியாகப் பத்து இருபதுக்கு, நானூற்றுப் பதினெட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் விக்கல் எடுத்தது. ஆளுக்கு ஏழு விக்கல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சலூன் நாற்காலியில் ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் நுரையோடு இருந்தவருக்கும், மழித்துக்கொண்டிருந்தவருக்கும், ஐந்தாம் வகுப்பில் பெருக்கல் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கும், ரேஷன் கடை வரிசையில் முன்னும் பின்னுமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கும் ஏழாவது விக்கல் ஒன்றாக முடிந்தது. எட்டாவது வரும் என்று வாயைத் திறந்து காத்திருந்து எல்லோரும் ஏமாந்து போனார்கள். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், முகமூடி போட்ட ஒரு பெண், அந்த ஊரைத் தோற்றுவித்த ஒண்டிப்புலியின் கடைவாய்ப்பல்லில் துளை போட ஆரம்பித்ததும் அதே பத்து இருபதுக்குத்தான் என்று பிற்பாடு தெரிந்தது. தெரிந்தபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நினைக்கிறவன் ஒண்டிப்புலி, அவ்வளவுதான். நூற்றைம்பது வருசமாகத் திரும்பிப் பார்க்காத மனுசன் இப்போது என்னத்துக்கு நினைக்கிறான் என்பதுதான் கேள்வியாக இருந்தது, அதற்கும் டீக்கடையில் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது. பல்வலி வந்தவனுக்குச் சொந்தபந்தம் எல்லாம் ஞாபகத்துக்கு வரத்தான் செய்யும் என்றார்கள்.

அந்த நானூற்றுப் பதினெட்டில் தவசிலிங்கம் இல்லை. பல்லைச் சென்னைக்கு அனுப்பியவரே அவர்தான் என்பதால், இந்தக் கதையை அவரிடமிருந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாது வருசத்துப் பஞ்சத்தில் ஊர் ஊராகச் சனங்கள் செத்து விழுந்தபோது, கையில் ஒரு கோடாலியோடு ஒண்டியாக மலையேறப் போன ஒண்டிப்புலி, வழியில் கால் ஓய்ந்து உட்கார்ந்த இடத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினான். உலையில் போட ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்தான் கொதித்தது. அந்த மூன்று கல்லிலும் அம்மன் வந்து இறங்கி, எனக்கு என்னடா தருவாய் என்று கேட்டாளாம். மெல்லுவதற்கு ஒன்றும் இல்லாதவனுக்குப் பல் எதற்கு என்று அவன் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி வைத்தான். மறுநாள் மழை பெய்தது. நடுவில் ஐந்து வருசம் அவன் மலைக்குகையில் தவம் இருந்ததாகவும் சொல்வார்கள். மூணுகல்லம்மன் கோயிலில் செப்புச் சிமிழுக்குள் அந்தப் பல் இன்னும் இருக்கிறது. பங்குனிப் பொங்கலன்று கோயிலுக்கு முன்னால் அறுநூறு பானை வைப்பார்கள், ஆனால் ஒண்டிப்புலியின் வாரிசு முதலடுப்பைப் பற்றவைத்து, ஊதுகுழலால் ஊதி, தீயை எழுப்பிய பிறகுதான் மற்ற அடுப்புகள் எரியலாம். முதலில் மேலத்தெரு வந்து தென்னம்பாளையில் தீயை வாங்கிப் போகும். கீழத்தெரு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, கடைசியில் வாங்கும். அவன் ரத்தத்தைத் தவிர வேறு யார் மூச்சும் அந்தத் தீயில் படக்கூடாது என்பது சட்டம். வாரிசின் வீட்டுக்கு வாழ வந்த மருமகள்கூட விறகைக் கையில் வைத்துக்கொண்டு கிழக்கே ஆறு தப்படி தள்ளித்தான் நிற்க வேண்டும்.

இருபத்தேழு வருசமாக ஊதியவர் தவசிலிங்கம். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா, அதற்கு முன்னால் தாத்தா. மற்றபடி அந்த வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. வருசத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், ஊரே அவர் கன்னம் உப்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மிச்ச முந்நூற்று அறுபத்து நான்கு நாளையும் அவர் அந்த அரை மணி நேரத்தை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார். நில அளவைத் துறையில் முப்பது வருசம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் எல்லைக்கல், உடைந்த கல், காணாமல் போன கல் என்றுதான் பேச்சு.

வினையை இழுத்து வந்தது ஊரின் நூற்றைம்பதாம் ஆண்டு. கோயில் வாசலில் கல்வளைவு கட்டி முதல் குடும்பத்தின் பெயரை வெட்டுவது என்று விழாக்கமிட்டி முடிவு செய்ததும், ரைஸ்மில் சுருளிராசன் எழுந்து, மூத்த வழி எங்கள் வழிதான், தவசிலிங்கம் அண்ணன் இளைய வழி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தவசிலிங்கம் அன்றைக்கே பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தாலுகா ஆபீஸில் அ-பதிவேடு, மாவட்டத்தில் பழைய செட்டில்மென்ட் கட்டு, பிறப்பு இறப்புப் பதிவு, மலை எஸ்டேட்டுகளின் கூலிப்பட்டியல், கோயில் ஓலை என்று ஒன்றைக்கூட அவர் விடவில்லை. சர்வே வரைபடம் ஒட்டுகிற துணியில் பதினாலு அடி நீளத்துக்கு வம்சத்தை வரைந்து கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். மேலே ஒண்டிப்புலி, கீழே தவசிலிங்கம். நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் கோடு விட்டுப் போயிருந்தது. அவருடைய பூட்டன் காமயன் எங்கிருந்து முளைத்தார் என்பதற்குக் காகிதம் இல்லை. ஒரே ஒரு பதிவேட்டில் காமயன் பெயருக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில், 'வெளியூர், பிழைக்க வந்தவர்' என்று இருந்தது. குமாஸ்தாவின் கைப்பிழை என்று தவசிலிங்கம் பென்சிலால் எழுதி வைத்தார்.

கல் காணாமல் போன இடத்தில், அசையாத இன்னொரு கல்லைத் தேடிப்பிடித்து அங்கிருந்து அளப்பதுதான் சர்வேயர் வழக்கம். அசையாத கல் என்று அவருக்குக் கிடைத்தது ஒண்டிப்புலியின் பல். டி.என்.ஏ. பார்த்துவிடலாம் என்று அவரே கமிட்டியில் சொன்னார், சுருளிராசன் தலையாட்டினார், அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டதில் வெள்ளைப்பூ வந்தது. வீட்டில் அவர் மனைவி அன்னமயில் மட்டும் சம்மதிக்கவில்லை. முப்பத்து நான்கு வருசத்துக்கு முன்னால் வடக்கே நாற்பது மைலிலிருந்து வாழ வந்தவள், அதிகம் பேசமாட்டாள், பேசினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"ஊரே ஒத்துக்கிட்டு இருக்கிறதப் போயி எதுக்குங்க பல்லத் தோண்டிக் கேக்குறீங்க?"

"கல்லு இல்லாத எடத்துல நான் அளக்க மாட்டேன்" என்றார் தவசிலிங்கம்.

ஆய்வுக்கூடம் மூன்று பேரின் எச்சில் கேட்டது. உரிமை கேட்கிறவர்கள் இருவர், அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, அந்த வம்சத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தெரிந்த ஒருவர். மூன்றாவது ஆளைத் தேடித் தவசிலிங்கம் அலையவில்லை. அதுதான் வீட்டிலேயே இருக்கிறதே என்று அன்னமயிலிடம் குழாயை நீட்டினார். அவள் துப்பிக்கொடுத்தாள். சம்பந்தமில்லாத நபர் என்று குழாயின் மேல் அவரே தன் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினார்.

விக்கல் அன்றோடு நிற்கவில்லை. தினமும் பத்து இருபது, தினமும் ஏழு. பல்லை ஆய்வுக்கூடம் பத்திரமாகத் திருப்பி அனுப்பிய பிறகும் நிற்கவில்லை, கிழவன் ஒரு தடவை நினைக்க ஆரம்பித்தால் விடமாட்டான் போல என்று விட்டுவிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டிருக்கும்போதே, அவர் பக்கத்தில் நின்ற நர்சுக்கு எடுத்தது. பள்ளிக்கூடத்தில் இடைவேளையைப் பத்து இருபதுக்கு மாற்றினார்கள். பத்து மணி பஸ்ஸை ஓட்டுகிற உள்ளூர் டிரைவர் பாலத்துக்கு முன்னால் ஓரங்கட்டி, ஏழையும் முடித்துவிட்டுப் பாலமேறினார். திருப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் போன் வந்தது, எனக்கும் எடுக்குது, எனக்கும் எடுக்குது என்று. துபாயில் அப்போது மணி எட்டு ஐம்பது. ஒண்டிப்புலிக்கு நம்ம ஊர் மணிதான் தெரியும் என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். பஞ்சாயத்து எழுத்தர் விக்கல் பதிவேடு என்று ஒரு நோட்டைப் போட்டு, சாட்சி இருவர் கையெழுத்தோடு பெயர் ஏற்றினார். தரகர்கள் பெண் கேட்டு வருமுன்பே விக்கல் உண்டா என்று விசாரித்தார்கள். புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் சேர்ந்தாற்போல எடுத்த வீடுகளில் இரண்டு நாள் அழுகை நடந்தது. பிறகு கோயில் பூசாரி நாற்பது தம்பதிகளையும் வரிசையாக உட்காரவைத்து, நீ மாமன் வழி, நீ அத்தை வழி என்று விரலை மடக்கிப் பிரித்துவிட்டதில் எல்லோரும் முறைப்படியான தம்பதிகளாகவே வீடு திரும்பினார்கள்.

சுருளிராசனுக்கு எடுத்தது. அவர் ரைஸ்மில் வாசலில் நாற்காலி போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து விக்கினார். தவசிலிங்கம் பத்து மணிக்கே குளித்து, திருநீறு பூசி, கூடத்தில் பதினாலு அடி வம்சத்தின் கீழ் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். ஒன்பது நாள் காத்திருந்தார். வெறும் இட்லியை அவசரமாக விழுங்கிப் பார்த்தார், மிளகாய்ப்பொடியை அள்ளிப் போட்டுப் பார்த்தார். ஒண்டிப்புலி அவரை நினைக்கவில்லை. தன்னை இத்தனை வருசம் உயர்த்தி வைத்த மனுசன் தன் பெயரையே மறந்துவிட்டான் என்பதில் அவருக்கு வந்தது பயமல்ல, முதலில் வந்தது அழுகை. பத்தாம் நாளிலிருந்து அவர் தானாகவே விக்க ஆரம்பித்தார். குளியலறைக்குள் பழகிப் பழகி, அசல் போலத்தான் வந்தது, ஆனால் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்து விக்க வேண்டியிருந்ததால் ஊர் விக்கலுக்கு அரை விநாடி பிந்தி வந்தது.

விக்கல் பதிவேடு நானூறு பெயரைத் தாண்டியபோதுதான் மேலத்தெருக்காரர்கள் அதை வாங்கி முழுசாகப் படித்தார்கள். அதில் நூற்று அறுபது பெயர் மேலத்தெரு. இருநூற்று நாற்பதுக்கு மேல் கீழத்தெரு. ஒண்டிப்புலி ஒண்டியாகத்தான் வந்தான், ஒண்டியாக இருக்கவில்லை என்பது எழுத்தில் தெரிந்துவிட்டது. இருந்தும் அதைச் சத்தமாகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் மேலத்தெருவில் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் இறந்துபோனார். விக்கல் பதிவேட்டில் முதல் பக்கத்து ஆள். பங்காளிகள் மொட்டை போட ஆற்றங்கரைக்குப் போனபோது, அங்கே நாவிதருக்கு முன்னால் கீழத்தெருவிலிருந்து அறுபத்து மூன்று பேர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையை நனைத்துக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தவர் கொத்தனார் சன்னாசி. மேலத்தெருவில் பாதி வீடுகளைக் கட்டியவர், எந்த வீட்டுக்குள்ளும் கட்டி முடித்த பிறகு போனதில்லை. என்ன இது என்று சுருளிராசன் கேட்டார்.

"பங்காளி செத்துக் கெடக்கையில மொட்ட போடாட்டி நாலு பேரு என்னய்யா சொல்லுவாக?" என்றார் சன்னாசி. கேலியா, நிசமா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. நாவிதர் அவர் தலையில் கத்தியை வைத்துவிட்டார். பதினாறு நாள் தீட்டையும் கீழத்தெரு சுத்தமாகக் காத்தது. மேலத்தெரு வயலுக்கும் கட்டட வேலைக்கும் தீட்டு என்று சொல்லி ஒருவரும் வரவில்லை.

பதினேழாம் நாளிலிருந்து ஊரில் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. காலை பத்து பத்தொன்பதுக்கு மேலத்தெருவில் எல்லோரும் வாய் நிறையத் தண்ணீரை ஊற்றி உதட்டை மூடிக்கொண்டார்கள். வாயில் தண்ணீர் இருந்தால் விக்கல் உள்ளேயே குலுங்கி உள்ளேயே அடங்கிவிடும், சத்தம் வராது. கேட்டால் மௌனம் என்றார்கள். உடம்புக்கு நல்லது, ஜெர்மனியில் எல்லாம் செய்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். கடைத்தெருவில் தண்ணீர்ப் பாக்கெட் காலை பத்து மணிக்குள் தீர்ந்துபோனது. வாய்க்குள் தண்ணீரோடு கல்லாப்பெட்டிகளும் அரிவாள்மணைகளும் அரை நிமிடம் அசையாமல் நிற்க, கீழத்தெருவிலிருந்து மட்டும் இருநூறு விக்கல் ஒன்றாகச் சேர்ந்து கேட்டது. போன மாதம் பொய்யாக விக்கிப் பெயர் ஏற்றிக்கொண்டவர்கள், பெயரை அடிக்கச் சொல்லி எழுத்தரிடம் மனு கொடுத்தார்கள். ஆக, மேலத்தெரு முழுவதிலும் தினமும் வாய்விட்டு விக்குகிற ஒரே ஆள், விக்கலே வராத தவசிலிங்கம்தான்.

அந்த நாட்களில் ஒரு காலை, பத்து இருபதுக்கு, கடிகாரம் பார்க்க மூக்குக்கண்ணாடி இல்லாமல், அதைத் தேடிக்கொண்டு அவர் அடுக்களைக்குள் போனார். அன்னமயில் அம்மிப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். கண்ணாடி எங்கே என்று கேட்டார். அவளுடைய கன்னம் உப்பியிருந்தது, தோள் இரண்டும் குலுங்கின, ஒன்று, இரண்டு, மூன்று என்று விட்டு விட்டு. தினமும் கூடத்தில் தான் விக்குகிற விக்கலை நினைத்துத்தான் இவள் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள் என்று அவர் முடிவு செய்தார். முப்பத்து நான்கு வருசம் சேர்ந்து வாழ்ந்தவளே சிரித்தால் ஊர் சிரிக்காதா. அந்தக் கோபத்தில் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

அறிக்கை பங்குனி பிறந்து வந்தது. ரிஜிஸ்தர் தபாலை வாங்கிக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பிரித்தார். முதல் மாதிரி, தவசிலிங்கம், பல்லுக்கு உரியவரோடு ரத்த உறவு இல்லை. இரண்டாம் மாதிரி, சுருளிராசன், உறவு உண்டு, தொலைவானது. மூன்றாம் மாதிரி, சம்பந்தமில்லாத நபர், நேர் வாரிசு, ஐந்தாம் தலைமுறை. அதற்குக் கீழே, மாதிரிகளுக்குப் பெயர் ஒட்டுவதில் தங்கள் தரப்பில் தவறு நேர்ந்திருக்கலாம், சரிபார்க்கவும் என்று மரியாதையாக ஒரு வரி. அவர் சரிபார்த்தார். எழுத்து அவருடையதுதான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பி, முன்பு புரட்டிய அதே கட்டுகளைத் திரும்பப் புரட்டினார். இந்தத் தடவை வடக்கிலிருந்து, அன்னமயிலின் அம்மா ஊரிலிருந்து மேல்நோக்கி அளந்து வந்தார். ஒண்டிப்புலி குகைக்குள் தவம் இருந்ததாக ஊர் சொல்கிற ஐந்து வருசமும், வடக்கு மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக் கூலிப்பட்டியலில் இருந்தது. ஒண்டிப்புலி, மனைவி காத்தாயி, பிள்ளைகள் மூன்று. அவன் ஒத்தையடுப்புக்குத் திரும்பி வந்தபோது அவர்களைக் கூட்டி வரவில்லை. அதில் இரண்டாவது பெண்பிள்ளையின் வழி, ஒரு கல்லும் காணாமல் போகாமல், ஒரு கோடும் விட்டுப்போகாமல், நேராக அவருடைய அடுக்களைக்கு வந்து சேர்ந்தது. தன் தொழிலில் இவ்வளவு சுத்தமான அளவை அவர் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது, அவள் தோள் குலுங்கியது ஏழு தடவை என்பதும் ஞாபகம் வந்தது. சிரிப்பை யாரும் ஏழோடு நிறுத்துவதில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தை மாதத்திலிருந்தே தெரிந்திருக்கிறது, மேலத்தெருவின் மானத்துக்காக அல்ல, இந்த ஒரு மனுசனின் அரை மணி நேரத்துக்காகத் தினமும் வாயில் தண்ணீரை அடக்கியிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் அறிக்கையை இரும்புப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். அவளிடம் சொல்லவில்லை.

சொல்லத் தேவையில்லை என்று ஆக்கிவிட்டது ஊர். சுருளிராசனுக்கும் ஒரு நகல் போயிருந்தது. கல்வளைவில் பெயர் வெட்டச் சொல்லி அவர் வருவார் என்று தவசிலிங்கம் எதிர்பார்த்தார், அவரோ கமிட்டியோடு வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, தன் நகலைத் தவசிலிங்கம் கையில் கொடுத்து, எரித்துவிடச் சொன்னார். மூன்றாம் மாதிரி யாருடையது என்று அவர் கேட்கவே இல்லை, ஆய்வுக்கூடத்தின் குழப்பம் என்று தள்ளிவிட்டார். ஒண்டிப்புலியின் ரத்தம் என்று சொல்லிக்கொண்டு சுருளிராசன் முதலடுப்பை ஊதினால், சன்னாசியும் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுவேன் என்பார், பங்காளிக்கு உரிமை உண்டல்லவா.

"நீங்களே கொளுத்துங்கண்ணே. ஒங்களுக்குத்தான் அந்தத் தொந்தரவு இல்லையே" என்றார் சுருளிராசன். "நீங்க விக்கிறது அரை விநாடி பிந்தி வருது, தெருவுக்கே தெரியும். நாங்கதான் வெளிய சொல்லல."

ஒண்டிப்புலியின் ரத்தம் ஒரு சொட்டும் இல்லாத காரணத்தால், ஒண்டிப்புலியின் வாரிசாக இருக்க ஊரிலேயே தகுதியான ஆள் தவசிலிங்கம் என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. கல்வளைவில் அவர் பெயரை வெட்ட ஆள் அனுப்பினார்கள். வெட்டியது சன்னாசியின் தம்பி, எழுத்து நன்றாக வந்திருந்தது. தவசிலிங்கம் போய்ப் பார்த்தார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, ஆனால் வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைத்தால் அன்னமயில் பரிமாறுகிற கையைப் பார்க்க முடியவில்லை.

பொங்கலன்று அடுப்பு மூட்டுகிற நேரம் பத்தேகாலிலிருந்து பத்தரைக்குள் என்று விக்கலுக்கு முன்பே நோட்டீஸ் அடித்துவிட்டார்கள், அம்மன் பெயரில் அடித்ததை மாற்றக்கூடாது. கோயிலுக்கு முன்னால் அறுநூறு பானை. மேலத்தெரு முன்னால், கயிற்றுக்கு அப்பால் கீழத்தெரு. தவசிலிங்கம் வேட்டியை மடித்து மூன்று கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, கற்பூரத்தை ஓலையில் வைத்துக் கொளுத்தி உள்ளே தள்ளினார். கிழக்கே ஆறு தப்படி தள்ளி, விறகைச் சுமந்துகொண்டு அன்னமயில் நின்றாள். பத்து பத்தொன்பதுக்கு மேலத்தெரு மொத்தமும் செம்பைத் தூக்கி வாயில் ஊற்றி உதட்டை மூடியது. அன்னமயிலும் ஊற்றினாள். மேளம் நின்றது. ஓலை புகைந்தது, பிடிக்கவில்லை. ஊதுகுழலை வாயில் வைத்தால் பிடித்துவிடும். அவர் வாயருகே கொண்டுபோனார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முதல் விக்கல் எழுந்தது.

அவர் தலையைத் திருப்பி அன்னமயிலைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, கன்னம் உப்ப, தோள் குலுங்க, கையிலிருந்த விறகு ஒன்றோடு ஒன்று தட்டுப்பட நின்றுகொண்டிருந்தாள். அறுபது வயதுப் பெண்பிள்ளை, தன் வீட்டுத் தீ தன் கண்ணெதிரே அணையப் போவதைப் பார்த்துக்கொண்டு, வாயில் தண்ணீரோடு நிற்கிறாள். அந்த நிமிடத்தில் அவருக்குத் தன் மேல் வந்த வெறுப்பு, வாழ்க்கையில் வேறு யார் மேலும் வந்ததில்லை. எழுந்துபோய் ஊதுகுழலை நீட்டினார்.

"வாயில இருக்கிறதத் துப்பிட்டு வந்து ஊது" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு விறகை அவர் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீரைத் துப்பினாள். மூன்றாவது விக்கல் கோயில் வாசல் முழுக்கக் கேட்டது. மேலத்தெரு அதிர்ந்துபோனது, ஆனால் கத்துவதற்கு வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் விக்கல் வெளியே வந்துவிடும். நூற்று அறுபது பேரும் கண்ணை உருட்டினார்கள், கையை ஆட்டினார்கள், சுருளிராசன் மூக்கு வழியாக ஏதோ சொன்னார். அன்னமயில் யாரையும் பார்க்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு மூன்று கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நாலாவது விக்கலுக்கும் ஐந்தாவது விக்கலுக்கும் நடுவே ஊதினாள், ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே ஊதினாள். ஏழாவது விக்கல் குழலுக்குள்ளேயே போயிற்று. தீ குப்பென்று பிடித்து, கல்லைத் தாண்டி எழுந்தது. மேலத்தெரு தண்ணீரை விழுங்கி முடித்து வாயைத் திறந்தபோது சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை, எரிகிற அம்மன் அடுப்பை அணைக்கச் சொல்லும் தைரியம் அந்த ஊரில் எவனுக்கும் கிடையாது. சன்னாசி கயிற்றைக் குனிந்து தாண்டி, தென்னம்பாளையை நீட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்தார். அன்னமயில் அவருக்குத் தீ கொடுத்தாள். பின்னால் வரிசை நீண்டது. மேலத்தெருவிலிருந்தும் ஒவ்வொருவராக, பானை காத்துக்கிடக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு வந்து அதே வரிசையில் நின்றார்கள்.

தவசிலிங்கம் விறகோடு அவள் நின்ற பக்கமாகப் போய் நின்றார். கிழக்கே ஆறு தப்படி. பங்குனிக் காற்று அடுப்புப் புகை முழுவதையும் சுருட்டிக்கொண்டு வந்து அவர் முகத்தில் அடித்தது. கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது, இருமல் வந்தது, விறகைக் கீழே போடவும் கூடாது. முதல் வருசங்களில் பொங்கலுக்குப் பொங்கல் கண் சிவந்து வீடு திரும்பியவளைப் பார்த்து, அம்மன் மேல் இவளுக்கு இவ்வளவு பக்தியா என்று அவர் பெருமைப்பட்டிருக்கிறார். அன்னமயில் ஊதுகுழலை இறக்கி, பானைக்குள் அரிசியைப் போட்டுக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"ரெண்டடி எடப்பக்கமாத் தள்ளி நில்லுங்க, அங்கன புகை வராது. எனக்கு அது தெரியவே பதினோரு வருசமாச்சு."